‘ஜெப்பர்டி’க்குப் புதுத் தொகுப்பாளர் கிடைக்க ஏன் அவ்வளவு காலம் ஆனது?

‘ஜெப்பர்டி’ அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழம்பெரும் வினாடி வினா. 1984 முதல் அதை நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக் 2020 நவம்பரில் காலமானார். அப்புறம் ‘விருந்தினர் தொகுப்பாளர்’ முறை வந்தது. அதாவது, நிரந்தரமாக ஒருவரை அமர்த்தும் முன் பலருக்கும் சில வாரங்கள் மேடையைக் கொடுத்துப் பார்ப்பது.

கேள்வியை வாசிக்க இவ்வளவு பாடா? ஆமாம். ஒரு நிகழ்ச்சியில் 61 குறிப்புகள் (அங்கே கேள்விகள் இந்த வடிவில்தான் வரும்). தொகுப்பாளர் கடைசி அசையை முடிக்கும்வரை, பதில் சொல்லப் போட்டியாளர் அழுத்தும் பொத்தானான பஸர் வேலை செய்யாது. முந்தி அழுத்தினால் கால் நொடி பூட்டிக்கொள்ளும். அவர் வாசிக்கும் தாளத்தில்தான் போட்டியாளரின் விரல் இருக்கிறது. பழகிய டீக்கடையில் மாஸ்டர் மாறினால், பாலும் தூளும் அதேதான், முதல் வாயிலேயே தெரிந்துவிடும் அல்லவா?

2021 ஆகஸ்டில் தேர்வான, நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் மைக் ரிச்சர்ட்ஸ், பழைய பேச்சுகள் கிளப்பிய சர்ச்சையால் ஒரே நாள் படப்பிடிப்போடு விலகினார். பிறகு நடிகை மயிம் பியாலிக்கும் கென் ஜென்னிங்ஸும் பகிர்ந்து நடத்தினார்கள். 2023 இறுதியில் ஜென்னிங்ஸ் மட்டும் நிலைத்தார்.

2004-இல் இதே நிகழ்ச்சியில் போட்டியாளராகத் தொடர்ந்து 74 ஆட்டம் வென்ற அறிவுக்காகத்தான் அவருக்கு இந்த வேலை என்பார்கள். ஆனால் விடைகள் தொகுப்பாளர் கையிலுள்ள தாளிலேயே இருக்கின்றன.