வீட்டில் தயாரித்த இசை ஃபேன்சின்கள் (ரசிகர்களே எழுதி அடிக்கும் இதழ்கள்) வெறும் ஜெராக்ஸ் தாள்கள்தானே? அவற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஆமாம், வெறும் ஜெராக்ஸ் தாள்கள்தான். கல்லூரிக் காலத்தில் இரண்டு வருடம் சாயங்காலங்களில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றவன் நான். அதனால் இசையை விட்டுவிட்டு மெஷின் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

2016-இல் வேலை நிமித்தமாக லண்டனில் இருந்தபோது பிரிட்டிஷ் நூலகத்தில் பங்க் இசை (எழுபதுகளின் முரட்டு ராக் இசை) பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. அனுமதி இலவசம் என்பதால்தான் உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பங்க் ஃபேன்சின் இருந்தது. பசை முகர்வது என்று அர்த்தம்; ரமோன்ஸ் குழுவின் ஒரு பாட்டிலிருந்து எடுத்த பெயர். ஏ4 தாள்கள், மூலையில் ஒரே ஒரு ஸ்டேப்ளர் பின். எங்கள் கடையில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கே ஓரத்தில் இரண்டு பின் அடித்துக் கொடுப்போம்.

அதை ஆரம்பித்தவர் மார்க் பெர்ரி. 1976-இல் பத்தொன்பது வயது, வங்கியில் குமாஸ்தா. ரமோன்ஸ் பைத்தியம். இந்த இசையைப் பற்றி ஏதாவது பத்திரிகை இருக்கிறதா என்று 'ராக் ஆன்' இசைத்தட்டுக் கடையில் கேட்டிருக்கிறார். இல்லை, வேண்டுமானால் நீயே ஒன்று ஆரம்பி என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சின்ன வயதில் கிடைத்த குழந்தைகள் டைப்ரைட்டர் இருந்தது. தலைப்புகளை ஸ்கெட்ச் பேனாவால் எழுதினார். காதலி தன் அலுவலக மெஷினில் பிரதி எடுத்துக் கொடுத்தார். முதல் இதழ் 50 பிரதி. அதே கடைக்காரர்கள் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு, இன்னும் அடிக்க முன்பணமும் கொடுத்தார்கள்.

இப்போது ஃபேன்சின் என்றாலே கோணல்மாணலாக வெட்டி ஒட்டிய எழுத்து, கறுப்புத் திட்டாகிப்போன முகம் என்று ஒரு 'ஸ்டைல்' சொல்கிறார்களே, அதில் பாதி மெஷின் செய்த வேலை. பழைய ஜெராக்ஸுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. போட்டோவை வைத்தால் கன்னமும் கண்ணும் ஒரே கறுப்பாகிவிடும். ஒரிஜினலை இழந்து நகலிலிருந்து நகல் எடுத்தால் இன்னும் மோசம். எங்கள் கடையில் சாதிச் சான்றிதழ் அப்படி வந்தால் திட்டு விழும். அங்கே அதையே அழகு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கிளப்பிலும் இதே கதைதான். லண்டன் கோவென்ட் கார்டன் பகுதியில், நீல் தெருவில், 1976 டிசம்பரில் ராக்ஸி என்ற பங்க் கிளப் தொடங்கியது. ஆண்டி செசோவ்ஸ்கி அதை நடத்தியது 1977 ஏப்ரல் வரைதான், கிட்டத்தட்ட 100 இரவுகள். அங்கே இசைத்தட்டு சுழற்றியவர் டான் லெட்ஸ், ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். அப்போது வெளியாகியிருந்த பங்க் தட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரவு முழுக்க எதைப் போடுவது? தன்னிடம் இருந்த ரெகே, டப் என்ற ஜமைக்கா இசைத் தட்டுகளைப் போட்டார். மேடையில் பங்க், இடைவேளையில் ரெகே. அந்தப் பையன்களுக்கு இரண்டும் ஒன்றாகவே பழகிப்போயின. யோசித்துச் செய்த கலாசார இணைப்பு மாதிரி இதைப் பிற்பாடு எழுதுகிறார்கள். கையில் இருந்ததைப் போட்டார், அவ்வளவுதான்.

சிலர் ஃபேன்சினை நம்ம சிற்றிதழோடு ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டுக்கும் காசு இல்லை என்பது உண்மை. ஆனால் சிற்றிதழ் ஆசிரியர் அச்சுப்பிழைக்கு வருத்தப்படுவார். ஃபேன்சின்காரர் பிழையை அடித்துவிட்டு, அடித்தது தெரிகிற மாதிரியே பிரதி எடுத்துவிடுவார். நேற்று ராத்திரி கேட்ட பாட்டைப் பற்றி இந்த வாரமே பேசியாக வேண்டும் என்ற அவசரம் அது.

இன்னொன்றையும் இங்கே திருத்திவிடுகிறேன். மூன்று கித்தார் கார்டுகளை (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகளை) வரைந்து, "இப்போது போய் ஒரு குழு ஆரம்பி" என்று சொல்கிற பிரபலமான படம் 'ஸ்னிஃபின் க்ளூ'வில் வந்ததாகப் பலர் பகிர்கிறார்கள். அது 1977 தொடக்கத்தில் 'சைட்பர்ன்ஸ்' என்ற வேறொரு ஃபேன்சினில் வந்தது. பெர்ரி சொன்னது வேறு: நாங்கள் எழுதுவதோடு திருப்திப்படாதீர்கள், நீங்களே இதழ் ஆரம்பியுங்கள் என்று வாசகர்களிடம் கேட்டுக்கொண்டார். கிளாஸ்கோவில் 'ரிப்ட் அண்ட் டோர்ன்' உட்பட ஊருக்கு ஊர் முளைத்தன.

அவருடைய இதழோ, விற்பனை ஆயிரக்கணக்கில் போனபிறகு, 1977-இலேயே 12-வது இதழோடு நின்றது. நஷ்டத்தால் அல்ல, அவரே நிறுத்தினார். கடைசி இதழோடு அவருடைய சொந்தக் குழுவின் பாட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் இலவசம்.

அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றபோது எனக்கு இசை நினைவுக்கே வரவில்லை. எங்கள் கடையில் மாதக் கடைசியில் மெஷின் மீட்டர் பார்த்து, கணக்கு உதைத்தால் யார் சொந்த வேலைக்கு எடுத்தது என்று முதலாளி ஒவ்வொருவராகக் கேட்பார். 1976 ஜூலைக் கடைசியில் பெர்ரியின் காதலியுடைய அலுவலகத்தில் மீட்டர் பார்த்தவர் யாரோ, அவர் ஏதாவது கேட்டாரா என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.