எந்நேரமும் ‘மிஸ்’ ஆகவே இருக்க வேண்டியிருக்கிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பெரம்பூரைச் சேர்ந்த கணித ஆசிரியை. வயது 37. மாலத்தீவின் தென்பகுதியில் உள்ள ஒரு சிறிய தீவில், பள்ளி ஒன்றில் இரண்டாவது ஆண்டாகப் பணிபுரிகிறேன். கணவரும், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் மாமியாருடன் சென்னையில் இருக்கிறார்கள். வீட்டுக் கடனை அடைப்பதற்காகவே வந்தேன். சென்னையில் தனியார் பள்ளியில் வாங்கியதைவிடச் சம்பளம் அதிகம், மாதந்தவறாமல் வந்தும்விடுகிறது.

பள்ளியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் மிகுந்த மரியாதையோடு நடந்துகொள்கிறார்கள். ஆனால் ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால் மணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம். மளிகைக் கடைக்காரர் என் மாணவனின் தந்தை. வீட்டுக்கார அம்மாவின் பேத்தி என் வகுப்பில் படிக்கிறாள். மாலையில் கடற்கரையில் சற்று அதிக நேரம் தனியாக உட்கார்ந்திருந்தால், மறுநாள் தலைமையாசிரியர் “உடம்பு சரியில்லையா மிஸ்?” என்று விசாரிக்கிறார். அக்கறையில்தான் கேட்கிறார் என்று தெரிந்தும் எனக்கு மூச்சு முட்டுகிறது.

இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது நான் வகுப்பில் நிற்கிறேன். வீடியோ அழைப்பில் “நல்லா இருக்கேன்” என்பதைத் தவிர நான் எதுவும் சொல்வதில்லை. மகளும் “ஹோம்வொர்க் இருக்கும்மா” என்று போனைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். சில வாரங்களாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்குகிறது; கடன் பாதிதான் அடைந்திருக்கிறது. கணவரைக் கேட்டால் “உன் இஷ்டம்” என்கிறார். எனக்கு மன உறுதி போதவில்லையா, இந்த ஊர்தான் ஒத்துவரவில்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். வழக்கத்துக்கு வெகு முன்னதாக விழித்துக்கொள்வதோடு, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை ஆகியவையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. உங்கள் பவளத்தீவுக் கூட்டத்தின் மருத்துவமனையிலோ, காணொளி வழியாகச் சென்னை மனநல மருத்துவர் ஒருவரிடமோ தாமதிக்காமல் பேசுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலும், அன்றைக்கே அருகில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவரிடம் செல்லுங்கள். விடுமுறையில் இங்கு வரும்போது 14416 என்ற ‘டெலி மானஸ்’ அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அடுத்து, உங்கள் கேள்வி. நீங்கள் இதைத் தனிமை என்று எண்ணுகிறீர்கள் போலும். கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரம்பூரில் பள்ளி முடிந்து 29சி பேருந்தில் ஏறிவிட்டால், நீங்கள் ஆசிரியை என்பது பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. யாரும் கவனிக்காத அந்த நேரத்தை நாம் ஓய்வு என்று கணக்கில் சேர்ப்பதே கிடையாது. தீவில் அந்த ஓய்வு கிடைக்க வழியில்லை. கடையிலும் தெருவிலும் வாடகை வீட்டின் வாசலிலும் நீங்கள் ‘மிஸ்’ ஆகவே இருக்கிறீர்கள். இது மன உறுதியைப் பொறுத்த விஷயமல்ல.

1955ஆம் ஆண்டு ஸ்வெர்ரே லிஸ்கோர்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் என்ற கல்வி நல்கையில் சென்று திரும்பிய 200 நார்வே நாட்டவரை ஆராய்ந்து, ஆறு முதல் பதினெட்டு மாதங்கள் தங்கியவர்களே, அதைவிடக் குறைவாகவோ அதிகமாகவோ தங்கியவர்களைக் காட்டிலும் பொருந்திப்போகச் சிரமப்பட்டார்கள் என்று எழுதினார். நீங்களும் ஏறக்குறைய அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். ஆனால் தொடக்கத்தில் நன்றாக இருந்து, நடுவில் சரிந்து, பிறகு மீளும் இந்த வளைகோடு எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெற்ற பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுக் கடனுக்காகக் கடல் கடந்தவர்களை வைத்து வரையப்பட்டதும் அல்ல அது. ஆகவே, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

அந்த ஊரில் நீங்கள் ஆசிரியையாக இல்லாத உறவு ஒன்றாவது வேண்டும். வீட்டுக்கார அம்மாவிடம் தொடங்கலாம். மாலத்தீவிலும் முருங்கைக்கீரையைச் சமைக்கிறார்கள். தேங்காயும் மாசிக் கருவாடும் சேர்த்து அதை அவர் எப்படிச் செய்கிறார் என்று அடுப்பருகே நின்று கேளுங்கள். வலமிருந்து இடமாக எழுதும் ‘தானா’ என்ற மாலத்தீவு எழுத்தை அவருடைய பேத்தியிடம் கற்றுக்கொள்ளுங்கள்; நீங்கள் தப்பாக எழுத, அந்தச் சிறுமி திருத்தட்டும். கடற்கரையிலும், தனியாக உட்காரும்போதுதான் சிறிய ஊரின் கண்ணில் படுவீர்கள். கயிற்று வலை பின்னிய ஜோலி இருக்கைகளில் பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். பேச வேண்டுமென்றுகூட இல்லை. கூட்டத்தோடு இருப்பவரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சக இந்திய ஆசிரியர்களோடு பழகுவதும் நல்லதே, சந்திப்பு முழுவதும் புலம்பலாகிவிடாமல் பார்த்துக்கொண்டால்.

மகளின் விஷயத்தில் எனக்குச் சற்றுக் கவலை உண்டு. “நல்லா இருக்கேன்” என்ற பதிலுக்குப் பிறகு அந்தப் பிள்ளை என்னதான் கேட்கும்? காய்கறிப் படகு வராமல் மூன்று நாள் பருப்பிலேயே ஓட்டியது, வகுப்பில் யாரோ செய்த குறும்பு என்று சிறிய, உண்மையான செய்திகளைச் சொல்லுங்கள். அவளும் தன் சங்கடங்களைச் சொல்வாள். அவளுக்கும் சனிக்கிழமை விடுமுறை என்றால், ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போனதை அன்றைக்கு ஈடுகட்டலாம். தயவுசெய்து கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று மட்டும் உட்காராதீர்கள். அவளுக்கும் நீங்கள் ‘மிஸ்’ ஆகிவிடுவீர்கள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்பதை விடியற்காலை மூன்று மணி விழிப்பில் முடிவு செய்ய வேண்டாம். தூக்கம் ஓரளவு சீரான பிறகு யோசியுங்கள். “உன் இஷ்டம்” என்று கணவர் சொல்வது விட்டுக்கொடுப்பதுபோலத் தோன்றினாலும், முழுப் பாரத்தையும் உங்கள் தலையில் வைக்கிறது. மீதமுள்ள கடன் எவ்வளவு, நீங்கள் திரும்பி வந்தால் மாதத் தவணை எதிலிருந்து வரும், இன்னும் ஓராண்டு இருந்தால் எவ்வளவு அடையும் என்று அவரே எழுதி அனுப்பட்டும். பதில் தரக் கடைசி நாள் எது என்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குள் விடுமுறை கிடைத்தால் சென்னையில் நேரில், கிடைக்காவிட்டால் ஒரு சனிக்கிழமை அழைப்பில், அந்தக் கணக்கை முன்னால் வைத்து இருவரும் பேசுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். அவளையும் உடன் உட்கார வையுங்கள்.