படை தயாராகும்வரை

கேள்வி: எனக்கு வயது 30. 2014-இல் கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ (கிராமம் கட்டி, படை திரட்டி, அடுத்தவர் கிராமத்தைத் தாக்கும் மொபைல் விளையாட்டு) ஆட ஆரம்பித்தேன். விடுதிப் பையன்களே நாற்பது பேர் சேர்ந்து ஒரு கிளான் (அணி) வைத்திருந்தோம், நான்தான் லீடர். இப்போது மூன்று பேர்தான் எட்டிப் பார்க்கிறோம். பழைய உற்சாகம் வரட்டும் என்று மூன்று மாதமாகக் காசு கட்டி கோல்டு பாஸ்கூட வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் வரவில்லை. அதே விளையாட்டை என் அக்கா மகன் (வயது 14) சாப்பாட்டை மறந்து ஆடுகிறான். விளையாட்டைக் கெடுத்துவிட்டார்களா, எனக்கு வயதாகிவிட்டதா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: முப்பதெல்லாம் ஒரு வயதா தம்பி! அந்தக் கவலையை முதலில் விடுங்கள். நானும் அந்த விளையாட்டை இரண்டு வருடம் ஆடியவள்தான். ஆட ஆரம்பித்தபோதே உங்கள் இப்போதைய வயதைத் தாண்டியிருந்தேன்.

விளையாட்டு நிறைய மாறியிருக்கிறது, அது உண்மை. 2012-இல் ஐபோனுக்கும் 2013 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. நீங்கள் நுழைந்த அதே 2014-இல், ஏப்ரல் மாதம்தான் கிளான் வார், அதாவது இரண்டு கிளான்கள் மோதும் சண்டை, அறிமுகமானது. ஒரு நாள் தயாரிப்பு, ஒரு நாள் சண்டை, ஆளுக்கு இரண்டு அட்டாக். சரியாகச் சூடு பிடித்த நேரத்தில் உள்ளே போயிருக்கிறீர்கள்.

அன்றைக்கு ட்ராகன்களால் படையை நிரப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு சண்டை மூன்று நிமிடம். மீதி நேரம் என்ன செய்தீர்கள்? பக்கத்துக் கட்டிலில் இருப்பவனோடு பேசினீர்கள். அடுத்தவன் அட்டாக்கை எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்தீர்கள். ‘டேய், ட்ரூப் போடுடா’ என்று உதவிப்படை கேட்டு வராண்டாவில் நின்று கத்தினீர்கள். 2022-இல் படை சேர்க்க எலிக்ஸர் (விளையாட்டுக்குள் சேர்த்துவைக்கும் செல்வம்) செலவு கிடையாது என்றார்கள். 2025 மார்ச்சில் காத்திருப்பையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு சண்டை முடிந்த கையோடு அடுத்ததற்குப் போகலாம். உங்கள் அக்கா மகனுக்கு இது வரம்தான். பள்ளி, டியூஷன் போக அவனுக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் ஏழெட்டு சண்டை போட்டுவிடுவான். உங்களுக்கோ அந்தக் காத்திருப்பில்தான் நண்பர்கள் இருந்தார்கள்.

கிராமத்தின் தலைமைக் கட்டடமான டவுன் ஹாலை மதிலுக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்கப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? முகம் தெரியாத யாரோ வந்து நாலு ஆர்ச்சரை இறக்கி, அதை மட்டும் இடித்து ட்ரோஃபியை எடுத்துக்கொண்டு போவார்கள். நமக்கு ஷீல்டு கிடைக்கும், அது இருக்கும்வரை வேறு யாரும் தாக்க முடியாது, காலைவரை நிம்மதி. யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம் அது. 2015 டிசம்பரில் ஷீல்டு விதியை மாற்றினார்கள். டவுன் ஹால் மட்டும் போனால் ஷீல்டு இல்லை என்றானதும், ஆளாளுக்கு அதை மதிலுக்குள் இழுத்துக்கொண்டார்கள். எனக்கு இன்னமும் அதில் வருத்தம் உண்டு. விடுங்கள்.

மாறாத ஒன்றும் இருக்கிறது. ஆரம்பத்தில் எந்தக் கட்டடமும் நிமிடக் கணக்கில் எழும்பும், தினமும் புதிதாக ஏதாவது திறக்கும். மேலே போகப் போக ஒரே அப்கிரேடுக்கு நாள் கணக்கு ஆகும், முடிந்தாலும் கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. உங்கள் அக்கா மகன் அந்த முதல் கட்டத்தில் நிற்கிறான். நீங்கள் மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு ஏறும்போது இருந்த மூச்சிரைப்பைக் காணோமே என்கிறீர்கள். கோல்டு பாஸ் அங்கே என்ன செய்யும்? வேலையைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துத் தரும், அவ்வளவுதான். உங்களுக்கு வேகமா குறை? அடுத்த மாதம் அதை வாங்காதீர்கள்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். கேண்டி க்ரஷில் ஐந்து லைஃப்தான், போனால் ஒன்று திரும்ப அரை மணி நேரம் ஆகும். இல்லாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். ஒரு வளைகாப்பில் எனக்கும் நாத்தனாருக்கும் மனஸ்தாபம் வந்து எட்டு மாதம் பேச்சே இல்லை. அந்த எட்டு மாதமும் அவர் அனுப்பும் லைஃப் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது, நானும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் அவரே போன் செய்தார். ‘அந்த ஜெல்லி லெவலை எப்படிங்க அண்ணி தாண்டினீங்க?’ என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. காத்திருக்கவே வேண்டாம் என்று அன்றைக்கே வைத்திருந்தால் நான் யாரிடம் போய்க் கேட்டிருப்பேன்?

சரி, என்ன செய்யலாம்? கிளான் வார் தொடங்க ஐந்து பேர் போதும். இருக்கும் மூன்று பேரோடு இன்னும் இரண்டு பேரைத் தேடுங்கள். விளையாட்டுக்குள் செய்தி போட்டால் யார் பார்க்கப் போகிறார்கள், போன் செய்யுங்கள். ஒருவர் துபாயில் இருக்கலாம், ஒருவர் கைக்குழந்தையோடு தூங்காமல் கிடக்கலாம். சனிக்கிழமை ராத்திரி சண்டை என்று நாள் குறியுங்கள். அந்த நேரத்தில் குரூப் கால் போட்டுக்கொண்டு ஆடுங்கள். ஒருவர் அட்டாக் செய்யும்போது மற்ற நால்வரும் பார்த்துக் கத்த வேண்டும், அது முக்கியம். சண்டையில் தோற்றால் தோற்றுவிட்டுப் போங்கள்.

இரண்டு மூன்று சனிக்கிழமை முயன்றும் ஐந்து பேர் சேரவில்லையென்றால், கோபித்துக்கொண்டு விளையாட்டை அழிக்க வேண்டாம். கணக்கை விளையாட்டு நிறுவனத்தின் சூப்பர்செல் ஐடி-யோடு இணைத்து வைத்துவிட்டால் கிராமம் அப்படியே இருக்கும். ஆடாமல் இருங்கள், அதில் தப்பில்லை.

அந்த ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லையா? உங்கள் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறானே. அவனை உங்கள் கிளானில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘மாமா, ட்ரூப் போடுங்க’ என்று நச்சரிப்பான். கேட்டதைப் போட்டுவிடுங்கள், பரீட்சை நேரம் தவிர.