பதில்: 4 வயசுப் பொண்ணோட சுண்ணாம்பாறுல கயாக்

புதுச்சேரி பக்கத்துல சுண்ணாம்பாறுல பொண்ணைக் கயாக்ல (துடுப்பு போடற சின்னப் படகு) கூட்டிட்டுப் போறதைப் பத்திக் கேட்டு, அவளுக்குப் போட்ட லைஃப் ஜாக்கெட் காது வரைக்கும் ஏறுதுன்னு எழுதியிருந்தீங்க. அது பெரியவங்க அளவுங்க. வாரை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணில விழுந்தா ஜாக்கெட் மேல மிதக்கும், பிள்ளை கீழ நழுவிடும். எடைக்கு ஏத்ததா, கால் இடுக்கு வார் இருக்குறதா கேளுங்க. மாட்டிவிட்டு ஜாக்கெட்டோட ரெண்டு தோள்லயும் பிடிச்சு மேல தூக்குங்க. தாடையைத் தாண்டி ஏறினா அன்னைக்குக் கயாக் வேண்டாம், மோட்டார் படகுல போயிட்டு வாங்க (அதுலயும் ஜாக்கெட் பொருந்தணும்).

சுண்ணாம்பாத்துக் கரையில இருக்குற நோணாங்குப்பம் படகுக் குழாமுக்குக் காலையிலயே போயிடுங்க, மதியத்துக்கு மேல கடல்காத்து ஏறிடும். ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரப் பக்கம் போகவே வேண்டாம். கடல் மட்டம் இறங்கும்போது தண்ணி படகைக் கடலுக்கு இழுக்கும். பிள்ளை முன்னாடி, துடுப்பு போடறவர் பின்னாடி. பயத்துல இடுப்புல கயிறு கட்டிடாதீங்க, கவிழ்ந்தா அதுதான் எமன். முதல் தடவைக்கு அரை மணி நேரம் தாராளம்.