புயலில் எறிந்த பீப்பாய்களுக்குக் கூலி உண்டா?

வணக்கம். நீங்கள் எழுதும் கதையில், பிரான்சின் துறைமுகமான போர்தோவில் ஏற்றிய ஒயின் பீப்பாய்களைக் கேப்டன் புயலில் கடலில் தள்ளிவிடுகிறார், வணிகர் கூலி (சரக்கை ஏற்றிச் செல்வதற்கான கப்பல் கட்டணம்) தர மறுக்கிறார், 1690-களில் தீர்ப்பு யார் பக்கம் இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பிரான்சில் பதினான்காம் லூயி 1681-இல் கொண்டுவந்த கடல் சட்டத்திலேயே பதில் இருக்கிறது: எல்லாரையும் காப்பாற்ற எறிந்த சரக்குக்கும் கூலி உண்டு. ஆனால் சரக்கு போன நஷ்டம் வணிகர் ஒருவர் தலையில் மட்டும் விழாது. தப்பிய சரக்கு, எறிந்த சரக்கு, கப்பல் மதிப்பில் பாதி, கூலியில் பாதி எல்லாவற்றையும் கூட்டி விகிதப்படி பங்கு போடுவார்கள்.

உண்மையான சண்டை வேறு இடத்தில். எறிவதற்கு முன் கப்பலில் இருந்த வணிகர்களிடமும் முக்கிய மாலுமிகளிடமும் கேப்டன் ஆலோசனை கேட்டிருக்க வேண்டும், அதைக் காரணத்தோடு எழுதிவைத்து, முதலில் சேரும் துறைமுகத்தில் நீதிபதி முன் சொல்லவும் வேண்டும். ஆடும் விளக்கொளியில் நனைந்த கையோடு ஒரு மாலுமி அந்தத் தாளில் கையெழுத்திடுவதைக் காட்டுங்கள், காட்சி அங்கேதான் இருக்கிறது!

அப்புறம், பீப்பாய்கள் எங்கே இருந்தன? மேல்தளத்தில் வைத்தது கடலுக்குப் போனால் உரிமையாளருக்கு அந்தப் பங்கீட்டில் எதுவும் வராது, கேப்டன் மேல்தான் வழக்குப் போட வேண்டும். கசிந்து காலியாகிவிட்ட பீப்பாய் என்றால் கதை வேறு, கூலிக்குப் பதிலாக அதையே விட்டுவிட்டுப் போகலாம். நான் எழுதினால் வணிகரைக் கேட்காமல் மேல்தளத்தில் அடுக்கியதாக வைப்பேன், அப்போது இருவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும்.