சர்டிஃபிகேட் இருக்கிறது, அறுந்த ஸ்லிங் அதில் இருக்கிறதா?

கேள்வி: தூத்துக்குடி துறைமுகத்தில் இருபது வருடமாகக் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை எடுத்துச் செய்கிறேன். 2025 ஜூலையில் மரத்தடி இறக்கும்போது, கப்பல் கிரேனில் மாட்டியிருந்த என் வயர் ரோப் ஸ்லிங் (சரக்கைக் கட்டித் தூக்கும் கம்பிக் கயிறு) ஒன்று அறுந்து, தடிகள் கப்பலின் சரக்கறைக்குள் விழுந்தன. என் ஆள் ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. வயது 40, இ.எஸ்.ஐ. கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் நானே கட்டினேன். அவர் மனைவி கையில் ஒன்றரை லட்சமும் கொடுத்தேன். சரக்கறையின் அடித்தளத் தகடு நசுங்கிவிட்டது என்று கப்பல்காரர்கள் 9 லட்சம் கேட்கிறார்கள். துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர், ஸ்லிங்கின் சோதனைச் சான்றைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 2024 அக்டோபரில் 12 ஸ்லிங்குகளுக்கு வாங்கிய சர்டிஃபிகேட் என்னிடம் இருக்கிறது. 2025 ஜனவரியில் இன்னும் நாலு ஸ்லிங் வாங்கினேன். அதற்குப் பில் மட்டும்தான். அறுந்ததில் நம்பர் தெரியவில்லை. சோதனை செய்து தந்தவர், "பழைய தேதியில் 16-க்கும் சேர்த்து எழுதித் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார். கிரேன் ஆபரேட்டர் வெடுக்கென்று தூக்கியதுதான் காரணம். என்னிடமிருந்து விலகிப்போன ஃபோர்மேன் ஆய்வாளரிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். அவன்மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா? என் சர்டிஃபிகேட் போதுமா?

பதில்: ஃபோர்மேனை விடுங்கள். ஆய்வாளருக்கு யார் தகவல் சொன்னார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் கேட்கப்போவதில்லை. ஆள் அடிபட்ட விபத்தை அவரிடம் தெரிவிக்க வேண்டிய கடமையே உங்களுடையது. உங்கள் இருபது வருட நல்ல பெயரும் இந்த நோட்டீசுக்குப் பதில் ஆகாது.

கிரேனும் இப்போதைக்கு வேண்டாம். கிரேனுக்கான பதிவேடும் சோதனைச் சான்றும் கப்பலின் பொறுப்பு. அதில் குறை இருந்தால் கப்பல்காரரோடு பேரம் பேசும்போது உதவும், அவ்வளவுதான். அறுந்தது கிரேன் வயர் இல்லை. கிரேன் கொக்கிக்குக் கீழே தொங்கிய, நீங்கள் கொண்டுவந்த ஸ்லிங்.

விஷயம் ஒன்றே ஒன்று. அறுந்த அந்த ஸ்லிங், உங்கள் கையில் இருக்கும் சர்டிஃபிகேட்டில் எழுதியிருக்கும் பன்னிரண்டில் ஒன்றா? இதை உங்களால் காட்ட முடியுமா?

விபத்து 2025 நவம்பர் 21-க்கு முன் நடந்தது. அன்றுதான் புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உங்களுக்கு 1986-ஆம் ஆண்டு துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1990-ஆம் ஆண்டு விதிமுறைகளும்தான். அதன்படி ஸ்லிங், ஷாக்கிள் (ஸ்லிங்கைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையம்) போன்றவற்றை முதல் உபயோகத்துக்கு முன் பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அக்டோபர் சர்டிஃபிகேட் ஜூலையில் காலாவதியாகவில்லை. தேதியில் பிரச்சினை இல்லை, அடையாளத்தில்தான் பிரச்சினை. ஆர்.சி. புத்தகம் கையில் இருந்து, வண்டியில் நம்பர் பிளேட்டும் சேசிஸ் நம்பரும் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் எந்த வண்டிக்கு?

முதல் வேலையாகக் கிடங்கில் இருக்கும் மீதிப் பதினைந்தையும் ஆய்வாளர் முன்னிலையில் எண்ணுங்கள். ஸ்லிங்கின் நுனியில் உள்ள கண் (வளையம்) முடியும் இடத்தில் இறுக்கியிருக்கும் ஃபெரூல் என்ற அலுமினியக் குழாய்த் துண்டில்தான் எண் குத்தியிருப்பார்கள். வார்ஃபில் இழுபட்டுத் தேய்ந்து, கிரீசும் உப்பும் படிந்து எண் மறைந்திருக்கும். டீசலில் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பல சமயம் எண் தெரியும். பதினொன்றில் எண் தெரிந்து, ஒரே ஒரு எண் மட்டும் குறைந்து, ஜனவரியில் வாங்கிய நாலும் முழுசாக இருந்தால், அறுந்தது அந்தக் குறைந்த எண்தான். இந்த வாதத்தை வைத்து நோட்டீசுக்குத் தைரியமாகப் பதில் எழுதலாம். பன்னிரண்டும் எண்ணோடு கிடங்கில் இருந்தால் அறுந்தது புதியது. அப்போது உங்கள் சர்டிஃபிகேட்டுக்கும் இந்த விபத்துக்கும் சம்பந்தமே இல்லை. அறுந்த துண்டையும் ஆய்வாளர் முன்னிலையில் மட்டுமே துடையுங்கள். அதை வெளியே போட்டாலோ மாற்றி வைத்தாலோ சாட்சியத்தை மறைத்த குற்றம் தனியாக வரும்.

ஜனவரி ஸ்லிங்குகளுக்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. விற்றவரிடம் தயாரிப்பாளரின் சோதனைப் பதிவு கேளுங்கள். அனுப்புமுன் அங்கே உண்மையிலேயே சோதித்திருந்தால், அன்றைய தேதியோடு நகல் கிடைக்கும். சோதித்த இடம் துறைமுக வேலைக்கு ஒப்புதல் பெற்ற இடமா என்பதையும் பாருங்கள்.

அக்டோபர் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டவருக்கும் இதே கேள்வி உண்டு. தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் மாநிலத் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளர் அங்கீகரித்த தகுதியாளர் (சோதித்துச் சான்று தருபவர்) வேறு. துறைமுக வேலைக்குத் துறைமுகப் பாதுகாப்புத் தலைமை ஆய்வாளர் அங்கீகரித்தவர் வேறு. முன்னவரிடம் வாங்கிய அழகான சர்டிஃபிகேட்டோடு வந்து நின்ற கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபேக்டரி கேட்டுக்குள் அது செல்லும், துறைமுகத்தில் செல்லாது.

இப்போது, உங்கள் கடிதத்தில் என்னை நிஜமாகவே பயமுறுத்திய வரிக்கு வருகிறேன்: பழைய தேதி போட்ட சர்டிஃபிகேட்.

அதைத் தொடாதீர்கள். இந்த மாதிரி வழக்குகளில் ஆட்கள் விழும் குழி இதுதான். ஸ்லிங் அறுந்ததற்காகச் சிறைக்குப் போவதைவிட, அறுந்த பிறகு தயார்செய்த காகிதத்துக்காகப் போகும் வாய்ப்புத்தான் அதிகம். சட்டப்படி தர வேண்டிய சான்றிதழைப் பொய் என்று தெரிந்தே எழுதித் தருபவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 234-ஆம் பிரிவு. தெரிந்தே அதை உண்மை என்று பயன்படுத்துபவருக்கு 235. தண்டனை, பொய்ச் சாட்சிக்கு உள்ளதுதான். 229-ஆம் பிரிவின்படி, நீதிமன்ற நடவடிக்கை என்றால் 7 வருடம் வரை, மற்ற இடங்களில் 3 வருடம் வரை. அவர் எழுதித் தருவதாகச் சொல்கிறாரே தவிர, அதை ஆய்வாளர் மேஜையில் வைக்கப்போவது நீங்கள்.

"யார் கண்டுபிடிப்பார்கள்?" என்று கட்சிக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். சோதனைக்கூடத்தில் சர்டிஃபிகேட் எண்கள் வரிசையாகப் போகும். உங்களுடையது நடுவில் செருகியது போல நிற்கும். டெஸ்ட் மெஷினின் பதிவில் அன்றைக்கு உங்கள் பெயர் இருக்காது. 4 டன் தூக்கும் ஸ்லிங் என்றால், அதன் இருமடங்கான 8 டன்னுக்கு இழுத்துப் பார்த்திருக்க வேண்டும், அதற்கான ஜி.எஸ்.டி. பில் எங்கே? உங்கள் விஷயத்தில் இன்னும் மோசம். ஜனவரியில் வாங்கிய ஸ்லிங்கை அக்டோபரில் சோதித்ததாக எழுதப்போகிறார்கள். கொள்முதல் பில்லே பொய்யை உடைத்துவிடும். நாலு ஸ்லிங் வந்த நாள் அந்த ஃபோர்மேனுக்கும் தெரியும்.

இன்னொரு அடியும் விழும். உங்களுக்குக் காப்பீடு இருந்து, பொய்யான ஆவணம் கொடுத்தால் காப்பீட்டு நிறுவனம் முழுக் கோரிக்கையையும் நிராகரிக்கும். இன்று ஒரு ஸ்லிங்கில் நிற்கும் சிக்கல், தொழிலாளியின் இழப்பீடு, கப்பலின் 9 லட்சம், எல்லாவற்றையும் உங்கள் சொந்தக் கையிலிருந்து கட்டும் நிலைமைக்குப் போய்விடும்.

அந்த வாட்ஸ்அப் செய்திக்கு "வேண்டாம், இப்படிச் செய்யாதீர்கள்" என்று இன்றைக்கே பதில் போடுங்கள். செய்தியை அழிக்காதீர்கள். நீங்கள் மறுத்ததற்கு அதுதான் ஆதாரம். எண் இல்லாத ஸ்லிங்குகளில் நீங்களே பழைய எண்ணைக் குத்தாதீர்கள். அதுவும் இதே குற்றத்தின் இன்னொரு வடிவம். ஆய்வாளர் பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் வேலையிலிருந்து எடுத்து, புது எண் குத்தி, இன்றைய தேதியிலேயே சோதனை செய்து சர்டிஃபிகேட் வாங்குங்கள். ஜூலை விபத்துக்கு அது உதவாது. ஆனால் பிறகாவது சரிசெய்தார் என்பது தண்டனை, அபராதம் பற்றிப் பேசும்போது பெரிய விஷயம்.

கணக்கு ஒத்துவந்தால் மட்டும் நோட்டீசுக்கு வாதாடுங்கள். ஒத்துவராவிட்டால் இருக்கும் சர்டிஃபிகேட்டை அப்படியே கொடுத்து, "அறுந்ததை அடையாளம் காட்ட இயலவில்லை" என்று உண்மையைச் சொல்லி, வருவதை ஏற்றுக்கொள்வது நல்லது. பதிலை நீங்களே எழுதி அனுப்ப வேண்டாம். வழக்கறிஞர் பார்க்காமல் ஒரு வரிகூடப் போகக்கூடாது.

அடுத்து, அடிபட்டவர். இவரோடு சண்டை வேண்டாம், சமாதானம் செய்யுங்கள். "ஸ்லிங்கில் நம்பர் இருந்தது" என்று நிரூபித்தாலும் இவருக்குத் தர வேண்டியது குறையாது. விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கு உங்கள் தவறு தேவையில்லை. வேலையின்போது, வேலையால் அடிபட்டார், அது போதும்.

கணக்கைப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் 15,000 வரைதான் அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதில் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் அட்டவணையில் வயது 40-க்கான காரணி 184.17. பெருக்கினால் 16,57,530, இது முழு நிரந்தர இழப்புக்கு. மருத்துவர் சம்பாதிக்கும் திறனில் 25 சதவீத நிரந்தர இழப்பு என்று சான்று தந்தால் சுமார் 4.14 லட்சம். ஒரு மாதத்துக்குள் கட்டாததற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தால், தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் பொதுவாக ஏற்காது.

ஆஸ்பத்திரிக்குக் கட்டியது இழப்பீட்டில் கழியாது. மருத்துவச் செலவு தனியாகவே முதலாளி தலையில்தான். மனைவியிடம் கொடுத்த ஒன்றரை லட்சத்தை நினைத்தால் இன்னும் கவலை. தொழிலாளியின் கையெழுத்து இல்லை, பதிவு இல்லை. ஒப்பந்தம் போட்டாலும், 28-ஆம் பிரிவின்படி இழப்பீட்டு ஆணையரிடம் பதிவுசெய்யாவிட்டால், 29-ஆம் பிரிவின்படி முழுத் தொகையையும் மறுபடி கேட்கலாம். ஆணையர் வேறு மாதிரி உத்தரவிட்டால் தவிர, கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கக்கூட முடியாது. ஸ்டாம்ப் பேப்பரில் "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதி வாங்கி, சந்தோஷமாக வீட்டுக்குப் போய், இரண்டு வருடம் கழித்து இரண்டாவது முறை கட்டியவர்கள் உண்டு. மருத்துவச் சான்று வாங்கி, சரியான தொகையைப் பேசி, ஆணையர் முன் பதிவுசெய்து முடியுங்கள். அந்த மனிதர் இனி தடி இறக்கும் வேலைக்குப் போக முடியுமா என்பது தெரியாது. கணக்கில் வருவதற்கு மேல் நீங்கள் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் நான் தடுக்கமாட்டேன்.

இந்தச் சமாதானம் ஆய்வாளர் தொடரும் வழக்கை முடிக்காது. அது வேறு தடம்.

கப்பல்காரரின் 9 லட்சமும் பேரத்தில் முடிய வேண்டிய விஷயம். நசுங்கலை இரு தரப்புச் சர்வேயரும் சேர்ந்து அளந்தார்களா, பழைய நசுங்கல்கள் ஏற்கெனவே இருந்தனவா என்று பாருங்கள். சேத அறிக்கையில் உங்கள் ஆள் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்பதும் முக்கியம். "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் பேரத்துக்கு இடம் நிறைய உண்டு. கிரேன் வெடுக்கென்று தூக்கிய கதையையும் கிரேனின் பதிவேட்டையும் இங்கே எடுங்கள். ஆனால் ஒரு ரூபாய்க்கு ஒத்துக்கொள்வதற்கு முன்பும் காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ராஜியாகப் போனால், பாலிசி நிபந்தனையைக் காட்டிக் கையை விரிப்பார்கள்.

நோட்டீசுக்குக் கால அவகாசம் கேட்டு இன்றே ஒரு கடிதம் அனுப்புங்கள். பிறகு மூல சர்டிஃபிகேட், ஜனவரி பில், ஸ்லிங்குகளை வெளியே கொடுத்து வாங்கிய கிடங்குப் புத்தகம், காப்பீட்டுப் பாலிசி, சேத அறிக்கை, அந்த வாட்ஸ்அப் செய்தி உள்ள போன், இவற்றோடு ஊரில் நம்பகமான வழக்கறிஞரைப் பாருங்கள். கிடங்குப் புத்தகத்தில் விடுபட்ட நாட்கள் இருந்தால் அவை விடுபட்டபடியே இருக்கட்டும். இப்போது உட்கார்ந்து நிரப்பாதீர்கள்.