இருமலில் ரத்தம் வந்தால் காயிலை மாற்றிப் பயனில்லை

லண்டன் வாசகருக்கு,

சிகரெட்டுக்குப் பதிலாகப் புதிதாக வாங்கிய வேப் கருவியை (நிக்கோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்கருவி) பற்றிப் பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில், ‘காயில் கருகி, தொண்டை புண்ணாகி, இந்த மாதம் இரண்டு முறை சளியில் ரத்தக் கீற்று வந்தது’ என்று ஒரு வரி. (காயில் என்பது கருவிக்குள் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்.) அந்த வரிக்குத்தான் முதலில் பதில். கருவி காத்திருக்கும்.

உங்களுக்கு வயது 48. 24 வருடம், ஒரு நாளைக்கு 15 சிகரெட். அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் எது என்று புரிகிறது. அந்தப் பயம்தான் ரத்தத்துக்குக் காயில் மேல் பழியைப் போடச் சொல்கிறது. காயில் கருகினால் தொண்டை எரியும், வறட்டு இருமல் வரும், நாக்கில் கசப்பு நிற்கும். ஆனால் இத்தனை வருடம் புகைத்த ஒருவருக்குச் சளியோடு ரத்தம் வந்தால், நெஞ்சைப் பரிசோதிக்காமல் ‘தொண்டைப் புண்தான்’ என்று எந்த மருத்துவரும் சொல்லக் கூடாது. நீங்களும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் அமைப்பான நைஸின் வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. 40 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் காரணம் தெரியாமல் இருமலில் ரத்தம் வந்தால், புற்றுநோய் சந்தேகத்துக்கான அவசரப் பரிந்துரையில் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். எனவே நாளைக் காலை ஜிபிக்கு, அதாவது உங்கள் குடும்ப மருத்துவருக்கு, போன் செய்யுங்கள். வரவேற்பில் இருப்பவர் என்ன பிரச்சினை என்று கேட்டால், ‘இருமல்’ என்று மட்டும் சொன்னால் இரண்டு வாரம் தள்ளிப்போகும். ‘இருமும்போது ரத்தம் வருகிறது, வயது 48, 24 வருடம் புகைத்தவன்’ என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், எத்தனை வருடம், எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதையும் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். அடுத்த முறை ரத்தம் வந்தால் வெள்ளை டிஷ்யூவில் துப்பிப் படம் எடுத்து வையுங்கள். சளியில் கலந்து வந்ததா, பல் ஈறிலிருந்தோ மூக்கிலிருந்தோ வழிந்ததா என்று மருத்துவர் பார்ப்பதற்கு அது உதவும். முடிவு செய்வது அவர் வேலை.

எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று வந்தாலும், ரத்தம் மறுபடி வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஆரம்ப நிலைக் கட்டி எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. சிடி ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். 55 முதல் 74 வயது வரையிலான புகைத்தவர்களுக்கு அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். நடத்தும் நுரையீரல் சோதனையில் உங்கள் வயது வராது. அது அறிகுறி இல்லாதவர்களுக்கானது, உங்களுக்கு அறிகுறி இருக்கிறது.

சில துளிகள், கீற்றுகளைத் தாண்டி ரத்தம் வந்தாலோ, கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தாலோ ஜிபிக்குக் காத்திருக்காமல் அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்து ரத்தம் வந்தாலும் அப்படியே. அது நுரையீரலில் ரத்தக்கட்டு அடைத்ததாக இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். இப்படிக் கீற்றாக ரத்தம் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியில் கிடைக்கும் காரணம் மூச்சுக்குழாய் அழற்சி போன்ற சாதாரணமான ஒன்றுதான். ஆனால் அது சோதனை முடிந்த பிறகு சொல்ல வேண்டிய ஆறுதல்.

ஊரிலிருந்து கொண்டுவந்த லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை மூன்று நாள் போட்டுக்கொண்டு, இருமல் குறைந்ததும் நிறுத்தியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும். மூன்று நாள் போட்டால் நோய் போகாது, ஆனால் சளிப் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகலாம், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். ‘45 தாண்டினால் எல்லாரும் போட வேண்டும்’ என்று நண்பர் சொன்னதால் தினமும் போடும் ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும். உங்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை, எந்த மருத்துவரும் அதை எழுதித் தரவும் இல்லை. நிறுத்துங்கள். இரண்டையும் ஜிபியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேப் பிடித்தால் ‘பாப்கார்ன் நுரையீரல்’ வரும் என்று யூடியூபில் பார்த்த கவலையைத் தூக்கிப் போடலாம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரியில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களிடம் தெரிய வந்த நோய் அது. வெண்ணெய் மணத்துக்குச் சேர்த்த டைஅசிட்டைல் என்ற வேதிப்பொருள் காரணம். பிரிட்டனில் விற்கும் வேப் திரவத்தில் அதற்குத் தடை. நீங்கள் 24 வருடம் இழுத்த சிகரெட் புகையில்தான் அது தாராளமாக இருந்தது. 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களிடம் தலைதூக்கி 68 பேரைப் பலிகொண்ட நுரையீரல் நோய்க்கு, பெரும்பாலும் கஞ்சாச் சத்துள்ள திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்டே காரணமாக இருந்தது. முத்திரை இல்லாத திரவத்தையும், நண்பர் வீட்டில் கலந்து தருவதையும் தொடாமல் இருப்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

இனி கருவி. சிகரெட்டை விடுவதற்காக வேப் எடுத்தது நல்ல முடிவு. 2019-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஒரு வருட முடிவில் சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் வேப் குழுவில் 18 சதவீதம், நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் குழுவில் 9.9 சதவீதம். வேப் குழுவில் அப்படி விட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஒரு வருடம் கழித்தும் வேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேப் தீங்கில்லாதது என்று நான் சொல்லவில்லை. புகைக்கிறவருக்குச் சிகரெட்டைவிட எவ்வளவோ மேல். புகைக்காத உங்கள் மனைவி ‘வாசனைக்காக’ இழுத்துப் பார்க்க எந்த அவசியமும் இல்லை.

நீங்கள் வாங்கிய கருவிதான் தவறு. 0.2 ஓம் காயில், 70 வாட், திரவத்தில் மில்லிக்கு 3 மில்லிகிராம் நிக்கோட்டின். நிக்கோட்டின் இல்லாத 50 மில்லி திரவத்தில், மில்லிக்கு 18 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள 10 மில்லி ‘நிக் ஷாட்’ பாட்டிலை ஊற்றினால், கலந்த 60 மில்லியில் மில்லிக்கு அவ்வளவுதான் வரும். இது மேகம் மேகமாகப் புகை விட விரும்புகிறவர்களுக்கான கருவி, நேராக நெஞ்சுக்குள் இழுக்கும் வகை. சிகரெட் பிடிப்பவர் முதலில் வாயில் வாங்கி, பிறகு உள்ளே இழுப்பார். இதில் அப்படி இழுத்தால் ஏக்கம் தீராது, நெஞ்சு நிறைய இழுத்தால் இருமல் பிடுங்கும். உங்களுக்கு இரண்டும் நடந்திருக்கிறது. அதனால்தான் இன்னும் தினமும் ஐந்து சிகரெட் விடாமல் இருக்கிறது.

அந்த ஐந்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, 20 பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. 15-ஐ ஐந்தாகக் குறைத்தால் இதயம் அதே கணக்கில் தப்பாது. முழுதாக விட்டால்தான் வேப்புக்கு மாறியதற்கு அர்த்தம்.

மறுபடி நிரப்பக்கூடிய சின்ன ‘பாட்’ கருவி ஒன்று வாங்குங்கள் (பாட் என்பது திரவம் நிரப்பும் சின்னக் குப்பி). தூக்கி எறியும் வகை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தடை, இன்னும் கள்ளத்தனமாக விற்கும் கடையில் எதையுமே வாங்க வேண்டாம். காயில் 0.8 முதல் 1.2 ஓம், வாட் 10-லிருந்து 16. திரவம் நிக்கோட்டின் சால்ட் (உப்பு வடிவ நிக்கோட்டின்), மில்லிக்கு 20 மில்லிகிராம். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு அது, உங்கள் பழக்கத்துக்கு அதில் தொடங்குவது சரி. தலை சுற்றினாலோ குமட்டினாலோ 10-க்கு இறக்குங்கள். அடிப்படைத் திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். 70 சதவீதக் கிளிசரின் உள்ள கெட்டித் திரவம் சின்ன காயிலில் திரவத்தை உறிஞ்சும் பஞ்சுக்குள் வேகமாக இறங்காது, பஞ்சு காய்ந்து கருகும். 20 மில்லிகிராம் சால்ட்டை மறந்துபோய்ப் பழைய 70 வாட் கருவியில் ஊற்றிவிடாதீர்கள். சில இழுப்பிலேயே வாந்தியும் படபடப்பும் வரும்.

கருகல் வாடை முதல் நாளே வந்தது என்கிறீர்கள். புதுக் காயிலைப் போட்டவுடன் இழுத்திருப்பீர்கள். காயிலைத் தனியாக மாற்றும் வகையானால், அதன் பக்கத் துளைகளில் தெரியும் பஞ்சில் நாலைந்து துளி திரவம் விட்டு, பிறகு பாட் குப்பியை நிரப்பி, பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். காயிலைத் தனியாகக் கழற்ற முடியாத வகையில் பாட் குப்பியை நிரப்பிவிட்டுக் காத்திருந்தால் போதும். முதல் சில இழுப்பு குறைந்த வாட்டில். ஒரு முறை கருகிய பஞ்சு திரும்பி வராது, கழுவி மாட்டாதீர்கள். காய்ந்த பஞ்சைச் சூடாக்கினால் ஃபார்மால்டிஹைடு உருவாகும். ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு காயில் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புச் சுவைத் திரவம் காயிலில் கரியாகப் படியும், அதற்கு முன்பே மாற்ற வேண்டி வரும்.

வாய் வறட்சி திரவத்தால் வருவது, தண்ணீர் குடியுங்கள். நீங்கள் எழுதிய படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் தினசரி ஆறு காபியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சிகரெட் புகையில் உள்ள தார் கல்லீரலைத் தூண்டி காஃபீனை வேகமாக அழிக்க வைக்கும். சிகரெட் குறைந்ததும் அதே காபி உடம்பில் அதிக நேரம் தங்கும். மூன்றாகக் குறையுங்கள்.

மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் திரவப் பாட்டில் சோபா மேல் கிடக்கக் கூடாது. 10 மில்லி பாட்டிலில் 200 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கிறது. பூட்டிய அலமாரியில் வையுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், என்.ஹெச்.எஸ். ஆலோசனை எண் 111-ஐ அழையுங்கள். குழந்தை துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ 999. தோலில் கொட்டினால் உடனே தண்ணீரில் கழுவ வேண்டும்.

அக்கா மகள் கல்யாணத்துக்குச் சென்னை போகும்போது கருவியை எடுத்துப்போகலாமா என்ற கேள்விக்கு: கூடாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவுக்குள் வேப் கொண்டுவருவது குற்றம். முதல் முறைக்கே ஒரு வருடம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த நாட்களுக்கு ஒட்டுப்பட்டையும் 2 மில்லிகிராம் சூயிங்கமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் புகைத்தவர் தொடங்க வேண்டிய 24 மணி நேரப் பட்டை 21 மில்லிகிராம். காலையில் முடியில்லாத தோலில் ஒட்டி, மறுநாள் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஏக்கம் வரும்போது சூயிங்கத்தைக் காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள், காரம் குறைந்ததும் மறுபடி மெல்லுங்கள். மென்றுகொண்டே இருந்தால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கல் எடுக்கும்.